மூலக்கூறின் அச்சும் மூக்கின் அரசியலும்

செஞ்சிப் பக்கம் நெல் விற்கப் போனவர்களுக்குச் சென்சார் என்றால் என்னவென்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்து மேசைமேல் ஒரு பெட்டி இருக்கும். ஒரு கைப்பிடி நெல்லை அதில் போட்டு மூடினால் ஓர் எண் வரும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் மூட்டை உள்ளே போகும். தாண்டினால் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும், அதற்குள் மழை வந்தால் அதோடு சரி. (விதி அவ்வப்போது தளர்த்தப்படுவதும் உண்டு, டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு.) என் சித்தப்பா பெட்டியை நம்புவதில்லை. ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ச்சல் போதும், நசுங்கினால் பத்தாது. ஒருமுறை சொன்னார்: "மிஷினு பத்தொம்பதுன்னுது. எம் பல்லு பதினாறுன்னுது. எதுக்கு ரசீது போடுவாங்கன்னு உனக்கே தெரியும்."

பல்லா பெட்டியா எது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சித்தப்பா தப்பாகவும் இருக்கலாம். உணர்வது வேறு, உணர்ந்தது செல்லுபடியாவது வேறு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். கருவி இந்த இரண்டையும் ஒட்டிவைத்து ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது. கீழே நான் எழுதப்போகும் விஷயம் ஈரப்பதத்தைவிட நுட்பமானது. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துவைக்கும் செயற்கைப் பொருள் அது. வேதியியலில் இதை மூலக்கூறு அச்சுப் பதித்த பாலிமர் என்கிறார்கள். நம் எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் இதை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்குப் போகப்போக வருகிறேன். முதலில் செய்முறை.

கண்டுபிடிக்க வேண்டிய பொருளையே, ஒரு பூச்சிமருந்து என்று வைத்துக்கொள்வோம், கரைசலில் எடுத்துக்கொள்கிறார்கள். இதுதான் அச்சுரு. அதோடு அந்தப் பொருளோடு ஒட்டி உறவாடக்கூடிய சிறு மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் மெத்தக்ரிலிக் அமிலம். இவை அச்சுருவைச் சுற்றிப்போய், எங்கெங்கே பிடி கிடைக்குமோ அங்கங்கே ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கும். பிணைப்பு வலுவானதல்ல, போட்டும் கழற்றியும் கொள்ளலாம். அடுத்து இந்த நிலையை அப்படியே உறையவைக்க வேண்டும். எதிலீன் கிளைக்கால் டைமெத்தக்ரிலேட் போன்ற ஒரு குறுக்கிணைப்பானை நிறையக் கொட்டி, 60 டிகிரியில் சூடாக்கியோ புறஊதா ஒளி காட்டியோ வினையைத் தொடங்கிவிட்டால், கலவை இறுகிக் கட்டியாகிவிடும். கட்டியை அரைத்து, சலித்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து மணிக்கணக்காகக் கழுவுகிறார்கள். உள்ளே சிக்கியிருந்த அச்சுரு கரைந்து வெளியேறுகிறது. அது இருந்த இடம் பள்ளமாக நிற்கிறது. பிறகு அதே மூலக்கூறு அந்தப் பக்கம் வந்தால் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேறொன்று வந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

வெல்ல அச்சைச் சொல்லி இதை விளக்குவது சுலபம், ஆனால் பொருந்தாது. வெல்ல அச்சில் பாகுதான் பள்ளத்துக்கு அடங்குகிறது. இங்கே பொருளைச் சுற்றிப் பள்ளம் உருவாகிறது. சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்பு இன்னும் நெருக்கமானது: மெழுகு உருகி ஓடிவிட, மண்ணுக்குள் வெற்றிடம் மட்டும் உருவத்தை நினைவில் வைத்திருக்கும். ஆனால் அதுவும் வடிவத்தை மட்டுமே நினைவு வைக்கிறது. பாலிமர்ப் பள்ளத்தின் சுவர்களிலோ கைகள் நீட்டியபடி இருக்கின்றன, யாருக்காக நீட்டினவோ அவர் வருகிற திசையிலேயே.

(இந்த இடத்தில் தெரிதாவை இழுத்துவந்து 'தடம்' பற்றி நாலு பக்கம் எழுதக் கை துறுதுறுக்கிறது. இன்மையின் வடிவம்தான் இருப்பை அடையாளம் காட்டுகிறது என்றெல்லாம் எழுதலாம். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கழுவியும் போகாத அச்சுரு மிச்சம் பாலிமருக்குள் தங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, இல்லாத விஷத்தை இருப்பதாகக் காட்டும் என்பது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. தூய இன்மை என்று ஒன்று கிடையாது, ஆய்வுக்கூடத்திலும்கூட. இதோடு தெரிதாவை விட்டுவிடுகிறேன்.)

இந்த நுட்பத்தின் பூர்வீகம் ஒரு தப்பான கொள்கை. உடம்புக்குள் நுழையும் எந்த அந்நியப் பொருளுக்கும் ஏற்ற எதிர்ப்புப் புரதம் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு, 1940-இல் லைனஸ் பாலிங் ஒரு பதில் சொன்னார். புரதச் சங்கிலி அந்த அந்நியப் பொருளையே அச்சாக வைத்து அதைச் சுற்றி மடிந்துகொள்கிறது என்றார். அழகான விளக்கம், ஆனால் உடம்பு அப்படி இயங்குவதில்லை. எதிர்ப்புப் புரதங்கள் விதவிதமாக முன்கூட்டியே இருக்கின்றன, பொருந்துகிற ஒன்று பெருக்கப்படுகிறது என்ற பர்னெட்டின் விளக்கம் 1957-இல் வந்து நிலைத்துவிட்டது. ஆனால் பாலிங்கின் மாணவர் ஃபிராங்க் டிக்கி அந்தத் தப்பான கொள்கையை உடம்புக்கு வெளியே, சிலிக்காக் களியில் செய்து பார்த்தார். மெத்தில் ஆரஞ்சு என்னும் சாயத்தைக் கலந்து களியை இறுக விட்டு, சாயத்தைக் கழுவி எடுத்தார். அந்தக் களி, நெருங்கிய சொந்தமான எத்தில் ஆரஞ்சைவிட மெத்தில் ஆரஞ்சையே அதிகமாக இழுத்துக்கொண்டது. இது 1949-இல். இயற்கை செய்யாததைக் களி செய்தது. 1972-இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் இதைப் பாலிமருக்குக் கொண்டுவந்தார். 1980-களில் சுவீடனின் லுண்ட் நகரத்தில் கிளாஸ் மோஸ்பாக் குழு, மேலே நான் சொன்ன கைகோக்கும் முறையை நிலைநாட்டியது. 1993-இல் அவர்கள் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினுக்கும் காபியில் இருக்கும் கஃபீனுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம். தியோஃபிலினுக்கு அச்செடுத்த பாலிமர், அந்த ஒரு வித்தியாசத்தை எதிர்ப்புப் புரதத்துக்கு இணையாகக் கண்டுபிடித்தது. புரதம் சூட்டில் கெட்டுவிடும், பிளாஸ்டிக் கெடாது. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பள்ளம் நிரம்பிவிட்டது என்பதை நமக்கு யார் சொல்வது? அதற்குத்தான் சென்சார் என்னும் மறுபாதி. பாலிமரை மெல்லிய படலமாகக் குவார்ட்ஸ் படிகத்தின்மேல் பூசினால், மூலக்கூறு உட்கார்ந்ததும் எடை கூடி அதிர்வு மாறும். மின்முனையின்மேல் பூசினால் மின்னழுத்தம் மாறும். பள்ளத்துக்குள்ளேயே ஒளிரும் தனிமம் ஒன்றை வைத்துவிட்டால், வந்தவரின் முகத்துக்கு ஏற்ப ஒளி மாறும்.

இந்த மூன்றாவது வழியில்தான் கதை திரும்புகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் மர்ரேயும் அமண்டா ஜென்கின்ஸும் யூரோப்பியம் என்னும் அருமண் தனிமத்தைப் பள்ளத்துக்குள் வைத்து, ஒளியிழை நுனியில் பூசி ஒரு சென்சார் செய்தார்கள். 1999-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, தண்ணீரில் லட்சம் கோடியில் ஏழு பங்கு இருந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்றது. எதை? சோமன் என்னும் நரம்பு விஷம் தண்ணீரில் சிதைந்தால் மிஞ்சும் பொருளை. அதாவது படைக்கலத்தை. 2001-இல்தான் ஜென்கின்ஸ் குழு அதே நுட்பத்தைப் பூச்சிக்கொல்லிகள் பக்கம் திருப்பி ஒரு கட்டுரை வெளியிட்டது.

திருப்புவது ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936-இல் பூச்சிமருந்து தேடப்போய் டாபுனைக் கண்டுபிடித்தார், 1938-இல் சாரின். கொஞ்சம் வீரியம் குறைந்த தம்பிகள் வயலுக்கு வந்தார்கள், பாரத்தியானும் பிறகு மோனோகுரோட்டோபாஸும். எல்லாம் ஆர்கனோபாஸ்பரஸ் என்னும் ஒரே குடும்பம், எல்லாம் நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தியபின் சுத்தம் செய்யும் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. சிப்பாய்க்குக் கண்பாவை சுருங்கி வாயில் எச்சில் வழிந்தால் அது போர்க்குற்றம். கூலிக்கு மருந்தடிக்கிறவனுக்கு அதுவே வந்தால் 'காத்தாட நில்லு, மோர் குடி.' உடம்பு ஒன்று, விஷம் ஒன்று, ஆனால் அச்சு முதலில் எடுக்கப்பட்டது சிப்பாய்க்காக.

இந்தியாவிலும் இதே வரிசைதான். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பீம் பாலி பிரசாத் குழு நோயறியும் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் இப்படிப்பட்ட மின்முனைகளை நிறையச் செய்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் டி. பிரசாத ராவ் குழு 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, வேதிப் போர்க்கருவிகளின் சிதைபொருளான மெத்தில்பாஸ்போனிக் அமிலத்துக்கான அச்சு பற்றியது; அதன் ஆசிரியர்களில் குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவரும் உண்டு. அதே ஆண்டு அதே குழு அட்ரசின் என்னும் களைக்கொல்லிக்கும் அச்செடுத்தது. ஆய்வாளர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நிதி எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில்தான் ஆய்வின் முகம் இருக்கும், அது யாருக்கும் தெரிந்த விஷயம். நான் சொல்ல வருவது இன்னும் எளிமையானது. இந்தப் பாலிமருக்குத் தன்னிச்சையான பார்வை கிடையாது. எதைக் காட்டி வளர்த்தார்களோ அதை மட்டும்தான் அது பார்க்கும். பக்கத்தில் ஆயிரம் விஷம் கிடந்தாலும் அதன் பள்ளம் காலியாகவே இருக்கும், 'ஒன்றுமில்லை' என்றே காட்டும். ஆகவே எதற்கு அச்செடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. அது வேதியியல் கேள்வி அல்ல.

செஞ்சிக்காரர்களுக்கு இது அண்மையில் வேறு ரூபத்தில் நடந்தது. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை உலக மரபுச் சின்னமானது. கோனார்கள், நாயக்கர்கள், பிஜப்பூர்க்காரர்கள், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ கை மாறிய கோட்டை அது. ஆனால் அங்கீகாரத்துக்கான அச்சு 'மராட்டியரின் இராணுவ நிலவெளிகள்' என்பது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. 1677 முதல் 1698 வரையிலான இருபத்தொரு ஆண்டு அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்ச நூற்றாண்டுகள் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. அங்கீகாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ராஜகிரிமேல் ஏறுகிற கூட்டம் கூடினால் கீழே டீக்கடைக்காரருக்கு நல்லதுதான்.

சரி, பூச்சிமருந்துக்கு அச்செடுத்தாகிவிட்டது, அதை எடுத்துக்கொண்டுவந்து நம் கிணற்றில் விட்டால் என்ன ஆகும்? இங்கேதான் நுட்பம் திணறுகிறது. பாலிமரைச் செய்யும்போது குளோரோஃபார்ம், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்களில் செய்கிறார்கள், அங்கேதான் ஹைட்ரஜன் பிணைப்பு நன்றாக நிற்கும். தண்ணீரோ தானே ஹைட்ரஜன் பிணைப்பால் ஆனது. பள்ளத்துச் சுவரில் நீட்டிய கைகளையெல்லாம் தண்ணீரே பிடித்துக்கொண்டால், விருந்தாளிக்கு இடமேது? கிணற்றுநீரில் உப்பு, உரம், மக்கிய இலையின் சாறு என்று வேறு எத்தனையோ. ஆய்வுக்கூடத்தில் ஒன்றுக்கு ஒன்று பிரித்துக் காட்டிய அச்சு, இந்தச் சந்தடியில் தடுமாறும். தண்ணீரிலேயே வேலை செய்யும் அச்சுகளுக்கு நிறைய முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது, பலனும் உண்டு. ஆனால் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும், கடையில் போய் வாங்கக்கூடிய சென்சார்களுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் பெரிது.

இன்னொரு எல்லை நம் மாவட்டத்துக்கு நேரடியாக வலிப்பது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் தொடங்கி 60-க்கும் மேற்பட்டோர். மெத்தனாலுக்கு ஓர் அச்செடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. முடியாது என்பதுதான் கிட்டத்தட்ட பதில். குடிக்கிற எத்தனாலுக்கும் கொல்கிற மெத்தனாலுக்கும் ஒரு கார்பன்தான் வித்தியாசம். தியோஃபிலினும் கஃபீனும்கூட ஒரு கார்பன் வித்தியாசம்தானே என்றால், அவை பெரிய மூலக்கூறுகள், பிடித்துக்கொள்ள நாலைந்து இடம் உண்டு. மெத்தனாலுக்கு இருப்பது ஒரே ஒரு கை. அதே கை எத்தனாலுக்கும் உண்டு, தண்ணீருக்கும் உண்டு. அவ்வளவு பொடியனுக்கு எடுத்த பள்ளத்தில் யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாலிமர்களிலிருந்து அச்சுருவைக் கழுவி எடுக்க லிட்டர் லிட்டராக ஊற்றப்படுவதே மெத்தனால்தான்.

அச்சு முடியாதென்றால் கருவியே முடியாது என்று அர்த்தமல்ல. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, குரோமோட்ரோபிக் அமிலம் விட்டு ஊதா நிறம் பார்க்கும் சோதனை பல காலமாக இருக்கிறது. 2019-இல் சூரிச்சில் கையடக்கக் கருவி ஒன்றையும் செய்துகாட்டினார்கள். ஒரு குட்டிக் குழாய்க்குள் இரண்டு ஆவியையும் ஓடவிட்டால் மெத்தனால் முந்தி வந்துவிடும், அப்போது அளந்துவிடலாம். ஆனால் எந்தக் கருவியும், மாதிரியைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. கள்ளச்சாராயப் பாக்கெட்டை வைத்திருப்பதே குற்றம் என்கிற ஊரில் அதை எடுத்துக்கொண்டு யார் எந்த மேசைக்குப் போவது? 'இது நல்லதா பாருங்க சார்' என்று சொல்கிறவர் முதலில் தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும். ஆகவே மெத்தனால் அளக்கப்படுவது பெரும்பாலும் செத்தவர் உடம்பிலிருந்து எடுத்த மாதிரியில், தடய அறிவியல் கூடத்தில்.

உயிரோடு இருக்கிற சென்சார் சொன்னது கேட்கப்படாமல் போன கதையும் உண்டு. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில், தர்மாசதி கந்தமன் என்னும் ஊரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ். 2005-இலேயே காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட மருந்து அது. எண்ணெய் சரியில்லை, வாடை வருகிறது என்று சமைத்த பெண் அப்போதே சொன்னார் என்று செய்திகளில் வந்தது. லட்சம் கோடியில் ஏழு பங்கு தேவைப்படவில்லை அங்கே. ஓர் ஏழைப் பெண்ணின் மூக்கே போதுமானதாக இருந்தது. அந்த மூக்குக்கு ரசீது போட ஆள் இல்லை.

மூக்குக்கு ரசீது வாங்கிய ஒரே ஒரு காரியம் நமக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள், இரசாயன ஆலைகளிலிருந்து வரும் நாற்றத்தை எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கக் காற்று, என்ன வாடை என்று எழுதிவைக்கப் பழகினார்கள். நாற்றம் கடுமையாக இருக்கும் நேரத்தில், பிளாஸ்டிக் பை வைத்த ஒரு வாளியில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2004-இல் முடிவுகள் அறிக்கையாக வந்தன. புற்றுநோய் உண்டாக்குபவை உட்பட ஏகப்பட்ட இரசாயனங்கள் காற்றில் இருந்தன. அதுவரை 'நாத்தம் வருதுன்னு சும்மா சொல்றாங்க' என்றிருந்த பேச்சு அதற்குப் பின் எடுபடவில்லை. வாளி மலிவானது, பகுப்பாய்வு மலிவானதல்ல, காற்றைக் கப்பலேற்றி அனுப்பித்தான் நம் காற்றைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள முடிந்தது என்ற அவமானமும் அதில் உண்டு. ஆனால் எந்த நேரத்தில் எங்கே வாளியைத் திறக்க வேண்டும் என்பதை ஊர்க்காரர் மூக்குதான் முடிவு செய்தது. கருவி அதற்குப் பின்னால் வந்தது. இந்த வரிசைமாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூலக்கூறு அச்சுப் பாலிமருக்கு விலையளவில் ஒரு நியாயம் உண்டு. மூலப்பொருள் மலிவு, குளிர்பெட்டி வேண்டாம், கல்லூரி வேதியியல் துறையிலேயே செய்யலாம். எனவே எதற்கு அச்செடுப்பது என்ற கேள்வியை வெளியே கொண்டுவருவது கற்பனாவாதம் அல்ல. ஊரில் இதைச் சித்தப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் நாற்பது வருஷமாக மருந்தடிக்கிறவர். 2017-இல் யவத்மாலில் மருந்தடித்து 20 பேருக்கு மேல் செத்ததும், அதே ஆண்டு பெரம்பலூர் பருத்திக் காட்டில் நடந்த சாவுகளும் பேப்பரில் படித்தவர். பள்ளம், கை, வெளிச்சம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிணற்றைப் பற்றிக் கேட்பார் என்று நான் நினைத்திருக்க, வேறொன்றைக் கேட்டார்.

"மருந்தடிச்சிட்டு வாய்க்கா தண்ணில கையக் கழுவிட்டுதான் சோத்துல கைய வெக்கிறோம். சோப்பெல்லாம் அங்க இன்னாத்துக்கு இருக்குது. கழுவுனது போதுமா போதாதான்னு அது சொல்லுமா?"

மோனோகுரோட்டோபாஸுக்கு அச்செடுத்த ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அது தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடுகிற மருந்து. ஈரமான உள்ளங்கையில், வேர்வைக்கும் மண்ணுக்கும் நடுவே, சோறு ஆறுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு காகிதத் துண்டைப் பற்றிய ஆய்வை நான் இதுவரை படித்ததில்லை. தெரியவில்லை என்றேன்.

"கேட்டுப் பாரு," என்றார்.